தொளியில் மாட்டிய வண்டியை பிக்கப் வைத்து இழுக்கலாமா?

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் லோடு அடிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். டூ வீல் டிரைவ் டீசல் பிக்கப் வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வயல் ரோட்டிலோ குளத்தங்கரையிலோ யாராவது தொளியில், அதாவது சேற்றில், மாட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, வந்து ஒரு இழுப்பு இழுத்து விடுங்க" என்று போன் போடுகிறார்களாம். கயிறு ஒன்று வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு காசு வாங்கி இதை ஒரு பக்கவேலையாகச் செய்யலாமா, கிளட்ச் தாங்குமா, எந்தக் கயிறு நல்லது, எத்தனை டன் வரை இழுக்கும் என்று நான்கு கேள்வி. உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: என் வண்டிக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறதா? என்ஜினுக்கு இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இழுப்பது என்ஜின் இல்லை தம்பி. உங்கள் பின் டயர் இரண்டும் தரையைப் பிடித்திருக்கிற பிடிதான் இழுக்கிறது. அந்தப் பிடி எவ்வளவு, மாட்டிய வண்டியை மண் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று இரண்டையும் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் மற்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

நான் இராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கிற இஎம்இ பிரிவில் ரெக்கவரி மெக்கானிக்காகப் பதினேழு வருஷம் இருந்தவன். மாட்டின வண்டியை எடுப்பதுதான் அங்கே என் வேலை. ஊருக்கு வந்த பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். இராணுவத்தில் கையில் இருந்தது பெரிய வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற உருளை) வைத்த லாரி, இங்கே இருப்பது உங்களுடையதைப் போல ஒரு பிக்கப். கருவி மாறியதும் நான் கற்றதில் பாதி உதவாமல் போனது. மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பக்கக் கணக்கு. காலி பிக்கப் சுமார் 1.7 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னால், என்ஜின் மேல். பின் அச்சில் இருப்பது ஏறக்குறைய 700 கிலோதான். காய்ந்த தார் ரோட்டில் அதில் முக்கால்வாசியைக்கூட இழுவையாக மாற்ற முடியாது. 500 கிலோ வந்தால் நல்லது. ஈர மண்ணில் கால்வாசிதான், அதாவது ஏறக்குறைய 175 கிலோ. டர்போ, டார்க் என்று என்ன பேசினாலும் அதற்கு மேல் டயர் சும்மா சுற்றும். லோடு ஏற்றினால் கதை மாறும். மணல் மூட்டை ஒரு டன் பின்னால் போட்டால் அதில் பெரும்பகுதி பின் அச்சில் விழும். தார் ரோட்டில் ஒரு டன்னுக்கு மேல் இழுக்கலாம். வாழைத்தார் லோடோடு போகும்போது சுலபமாக இழுத்த வண்டியை, மறுநாள் காலி வண்டியோடு போய் அசைக்கக்கூட முடியாமல் போவது இதனால்தான். எடைக்காக ஆட்களைப் பின்னால் ஏற்றி நிறுத்துகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. அது மட்டும் வேண்டாம். ஏன் என்று கயிற்றுக்கு வரும்போது சொல்கிறேன்.

இனி மாட்டிய வண்டியின் பக்கம். இராணுவ மீட்பு வேலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. சக்கரம் அச்சுக் குடம் (சக்கரத்தின் நடுப்பகுதி) வரை புதைந்தால், லோடோடு சேர்த்து அந்த வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. கேபின் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. இது தராசுக் கணக்கு இல்லை, குத்துமதிப்புத்தான்; ஆனால் ஏமாற்றாத குத்துமதிப்பு. ஒன்றரை டன் எடையுள்ள ஒரு குட்டியானை குடம் வரை புதைந்து நிற்கிறது என்றால் 1,500 கிலோ இழுவை வேண்டும். தார் ரோட்டிலேயே 500 கிலோ இழுக்கிற காலி பிக்கப், அதை ஈர வரப்பில் நின்றுகொண்டு எப்படி எடுக்கும்? ஆனாலும் தினமும் எடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே மம்பட்டி வேலை செய்திருக்கும்.

நெல்லையப்பர் தேர் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்தாலும், பின்னால் சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்கள் நெம்பிக் கொடுக்காமல் அது நிலையை விட்டு அசையாது. புதைந்த வண்டியும் அப்படித்தான். முதல் அரையடி நகர்வதற்குத்தான் அத்தனை இழுவையும் வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் சேறு ஒரு மதில் மாதிரி நிற்கும். வண்டியின் வயிறோ பின் அச்சின் நடுவில் இருக்கிற டிஃப்ரன்ஷியல் உருண்டையோ மண்ணில் உட்கார்ந்திருக்கும். அடியில் காற்று புகாமல் சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும். மம்பட்டியால் சக்கரத்துக்கு முன் சாய்வாக வெட்டிவிட்டு, வயிற்றுக்குக் கீழே மண்ணைத் தோண்டி எடுத்து, லோடை இறக்கிவிட்டால் அதே குட்டியானைக்கு 300 கிலோ இழுவை போதும். அரை மணி நேர மம்பட்டி வேலை ஐந்து மடங்கு என்ஜினுக்குச் சமம். இதைச் சொன்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பிடிக்காது. "இதுக்கா உங்களக் கூப்பிட்டோம்?" என்பார்கள். நான் மம்பட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

நம் பக்கம் மண் ஒரே மாதிரி இல்லை, அதனால் வைத்தியமும் ஒன்றில்லை. ஆற்றுப் பாசன வயலில் தொளி மேலாக இருக்கும். வருஷக்கணக்காகத் தொளியடித்து உழுத இடத்தில் அதற்குக் கீழே கெட்டியாக ஒரு தளம் இருக்கும். டிராக்டரின் பெரிய சக்கரம் அந்தத் தளத்தைத் தொட்டுவிடும், கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் பிக்கப்பின் சக்கரம் தளத்தைத் தொடுவதற்கு முன்னால் வயிறு தட்டிவிடும். ஆகவே வயலுக்குள் நீங்கள் இறங்கவே கூடாது. ரோட்டில் நின்று கயிற்றை நீட்டுங்கள். கயத்தாறு, மானூர் பக்கக் கரிசல் வேறு ரகம். ஈரம் குடித்தால் உப்பி, டயர் பள்ளங்களை எல்லாம் அப்பி மூடிவிடும். டயர் வழுக்கு உருளை ஆகிவிடும். கரிசலில் மாட்டிய வண்டிக்கு அவசரம் இல்லை என்றால், லோடை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வெயில் பட விடுங்கள். நான் கொடுக்கிற ஆலோசனையிலேயே அதிகமாக உதறித் தள்ளப்படுவது இதுதான், அதிகமாகப் பலித்ததும் இதுதான்.

திசையன்விளை, உடன்குடிப் பக்கத் தேரி மணல் மூன்றாவது ரகம். அங்கே சேறு இல்லை, உறிஞ்சல் இல்லை. மணல் பொடி மாதிரி இருப்பதால் டயர் தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொள்ளும். அங்கே கயிற்றை எடுக்கும் முன் காற்றை இறக்குங்கள். காலி வண்டி என்றால் 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து உட்காரும். மாட்டிய வண்டிக்கும் அதே வைத்தியம். பாதிக்குப் பாதி வண்டி கயிறே இல்லாமல் வெளியே வந்துவிடும். ஆனால் காற்று இறக்கிய டயரோடு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறியதும் பம்ப் வைத்து ஏற்றாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சக்கரத்துக்கு அடியில் போட பனைமட்டை, தென்னைமட்டை நல்லது. வைக்கோல் நனைந்தால் வழுக்கும். அவசரத்தில் யாராவது பக்கத்தில் கிடக்கிற சீமைக்கருவேலை வெட்டிப் போடுவார்கள், வண்டி வெளியே வரும், நாலு டயரும் பஞ்சராகி வரும்.

கயிற்றுக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். வண்டி இழுக்கிறவர்களில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியில் அடிபடுவதில்லை. அறுந்த கயிறோ, பிய்ந்து பறந்த கொக்கியோதான் அடிக்கிறது. வருஷம் பல ஆனது, வீரவநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரை. இழுத்தது நான், இரும்புச் சங்கிலியில். மாட்டிய வண்டியின் முன்பக்கம் கொக்கியை எங்கே போட்டார்கள் என்று இறங்கிப் பார்க்கவில்லை, அது என் தப்பு. பம்பரைத் தாங்குகிற தகட்டில் போட்டிருந்தார்கள். தகடு பிய்ந்து, கொக்கியோடு வந்து என் கேபின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு பக்கத்து சீட்டின் முதுகில் இறங்கியது. அன்றைக்கு அந்த சீட்டில் யாரும் இல்லை. பின்னால் ஆளை ஏற்றி நிறுத்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். கயிறு விறைக்கும்போது அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஓட்டுகிறவர்களைத் தவிர ஒரு உயிர் நிற்கக் கூடாது. நம் ஊரில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை விரட்டுவதுதான் இழுப்பதைவிடக் கஷ்டம். கூட்டம் விலகவில்லை என்றால் நான் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அதற்குப் பலன் உண்டு.

சங்கிலியும் கம்பி வடமும் நீளாது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக விறைப்பேற்றி இழுக்க மட்டும் அவை ஆகும். ஓடி வந்து வெட்டி இழுத்தால் எங்காவது ஒன்று பிய்ந்தே தீரும். பஜாரில் கிடைக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்தால் ஒரே வருஷத்தில் உள்ளுக்குள் நொறுங்கிப் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. வாங்குவதானால் இழுவைக்கென்றே செய்த நைலான் பட்டையோ பின்னல் கயிறோ, அறுபடும் பலம் 8 டன்னுக்குக் குறையாமல், ஒன்பது மீட்டர் அளவில் வாங்குங்கள். நைலான் நீண்டு சுருங்கும், அதனால் அதிர்ச்சி இரண்டு வண்டிக்கும் பரவலாகப் போகும். முடிச்சு மட்டும் போடாதீர்கள். எந்த முடிச்சானாலும் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தின்றுவிடும். முனையில் தைத்த கண்ணும், எவ்வளவு தாங்கும் என்று குத்திய ஷாக்கிலும் (ஆணி போட்டு மூடுகிற இரும்பு வளையம்) வேண்டும். 19 மில்லிமீட்டர் ஷாக்கிலில் 4.75 டன் என்று குத்தியிருக்கும், உங்கள் வேலைக்கு அது போதும். எழுத்தே இல்லாத ஷாக்கில் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாங்காதீர்கள். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு இரண்டைப் போட்டு வையுங்கள். அறுந்தால் கொஞ்சம் வேகம் குறையும். கொஞ்சம்தான், சாக்கு போட்டாச்சு என்று பக்கத்தில் போய் நிற்கக் கூடாது.

எங்கே மாட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விதி: சேஸில் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கி, இல்லாவிட்டால் சேஸ் சட்டமே. பம்பர், டை ராடு, பட்டை ஸ்பிரிங்கைச் சேஸில் பிடிக்கிற ஷாக்கில், டிரெய்லர் பந்து, இவை எதுவும் ஆகாது. கார்களில் டூல் கிட்டுக்குள் ஒரு கொக்கி இருக்கும், பம்பர் மூடியை எடுத்துவிட்டுத் திருகிப் போடுவது. அது ரோட்டில் உருளுகிற காரை நேராக இழுத்துப் போகத்தான். புதைந்த காரைப் பக்கவாட்டில் அதில் மாட்டி இழுத்தால் வளைந்துவிடும்.

இழுக்கிற முறையில் கிளட்ச் கேள்விக்கும் பதில் இருக்கிறது. கிளட்சை எரிப்பது பாரம் இல்லை, அரைக் கிளட்ச். கயிறு தளர்ந்திருக்கும்போதே ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை முழுக்க விட்டுவிட வேண்டும்; கயிறு விறைக்கும்போது கால் பெடலில் இருக்கவே கூடாது. நைலான் கயிறாக இருந்தால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தளர்வு விட்டு நடை வேகத்தில் போங்கள். வேகம் இரண்டு மடங்கானால் கயிறு தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, அதனால் "இன்னும் கொஞ்சம் வெரசா" என்று கத்துகிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். டயர் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள். சுற்றுகிற டயர் உங்களுக்கும் குழி தோண்டும். மூன்று முறை முயன்றும் அசையவில்லை என்றால் திரும்பவும் மம்பட்டி. கருகின வாடை வந்தால் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ரிவர்ஸில் இழுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கியர் பலமாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் பார்த்து இழுக்கும்போது பாரம் பின் சக்கரத்தின் மேல் சாயும், ரிவர்ஸில் இழுத்தால் பின் சக்கரத்தை விட்டு விலகும். டூ வீல் வண்டிக்கு அது நஷ்டம். மாட்டிய வண்டியை மட்டும் முடிந்தவரை வந்த வழியே பின்பக்கமாக எடுங்கள். அது போட்ட தடம் ஏற்கெனவே இருக்கிறது.

நூறு இழுப்பில் இருபதுக்காவது கப்பி வேண்டும். நம் பக்கம் ரோடு வாய்க்கால் கரையோடு போகும், வண்டி குறுக்கே வயலில் கிடக்கும். நேராக இழுக்க இடமே இருக்காது. எதிரில் உள்ள பனையின் அடித்தூரில் அகலப் பட்டையைச் சுற்றி அதில் கப்பியை மாட்டினால், நீங்கள் ரோட்டோடு போகலாம், அது குறுக்கே ஏறும். அப்படிச் செங்கோணத்தில் திருப்பும்போது மரத்தின் மேல் விழுகிற பாரம் உங்கள் இழுவையைப் போல 1.4 மடங்கு, ஆகையால் நனைந்த கரையில் நிற்கிற தென்னையை நம்பாதீர்கள். கப்பியை மாட்டிய வண்டியில் வைத்து, கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறு முனையை நீங்கள் இழுத்தால் 500 கிலோ இழுவை ஏறக்குறைய 900 ஆகும். உராய்வில் கொஞ்சம் போகும். இதற்கு இரண்டு மடங்கு கயிறு வேண்டும், வண்டி பாதி வேகத்தில்தான் நகரும், நீளாத கயிறாகவும் இருக்க வேண்டும். என் வண்டியில் இருப்பது பழைய இரும்புக் கப்பி. புதுக் கயிற்றைவிட அதற்குத்தான் நான் காவல் இருக்கிறேன்.

எதை மறுக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பிசான நெல் அறுப்பில் அறுவடை மிஷின் மாட்டினால் உங்களைக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அது பல டன் எடை. அதற்கு இரண்டு டிராக்டரோ ஜேசிபியோதான். அதே டிராக்டர்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: கயிற்றைப் பின் அச்சு மட்டத்துக்கு மேலே கட்டினால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் அவர் மேலேயே கவிழும். வாய்க்கால் பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டியும் வேண்டாம், கரை இடிந்தால் இரண்டு வண்டியும் உள்ளே. தண்ணீரில் நின்ற கார் தனி விஷயம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அந்த நாட்களின் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலர் காரை இழுத்துக்கொண்டே கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேட்டுக்கு இழுத்து வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. ஆட்டோமேட்டிக் கியர் காரையும் எலக்ட்ரிக் காரையும் சகதியிலிருந்து சில அடி வெளியே எடுக்கலாம், நியூட்ரலில். அதற்குமேல் ரோட்டில் உருட்டிக் கொண்டுபோகக் கூடாது, மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மிச்சமிருப்பது காசு வாங்கலாமா என்பது. ரோட்டில் கட்டி இழுப்பதற்குச் சட்டம் உண்டு: இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பின் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், கயிறு மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டியரிங் கனக்கும். சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதைவிட முக்கியம், உங்கள் இன்சூரன்ஸ் தாளில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்கிற பத்தி. சரக்கு வண்டி பாலிசியில் வழக்கமாக, ஓடாமல் நின்ற ஒரு வண்டியை இழுக்கலாம், ஆனால் கூலிக்கு அல்ல என்று இருக்கும். அந்த வரியை நீங்களே தேடிப் படித்துவிடுங்கள். டீசல் காசு என்று வாங்கினாலும் அது கூலிதான் என்று வாதாட இடம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதனால் நான் வாங்குவதில்லை. வாழைக்குலை கொடுத்தால் மறுப்பதில்லை.

இழுத்து முடித்த அன்றே பின் பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவிவிடுங்கள். சின்னக் கல் ஒன்று உள்ளே இருந்தால் லைனிங்கைத் தின்றுவிடும். கிராஸ் ஜாயின்டுக்குக் கிரீஸ் அடியுங்கள். அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்றிருந்தால் டிஃப்ரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள்; மோர் மாதிரி வெளுத்திருந்தால் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.